உப்புத் தண்ணீரில் கரைத்த மருந்து

எனிக்கோவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. நாக்கும் அப்படித்தான். இப்படிப்பட்டவள் பதினோரு வருடமாக ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல் வளர்க்கிறாள் என்று சொன்னால் செகெட் நகரத்தில் அவளைத் தெரிந்த யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். செல் வளர்ப்பது காத்திருக்கிற வேலை. சூடான பெட்டிக்குள் தட்டை வைத்துக் கதவை மூடிவிட்டு இரண்டு நாள் வேறு வேலையைப் பார்க்க வேண்டும். இவளோ மணிக்கொரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். ஆய்வகத் தலைவி பேராசிரியர் போர்பலா பார்த்துவிட்டால், "அடைகாக்கிற கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா முட்டை என்னத்துக்கு ஆகும்?" என்று கத்துவார். எனிக்கோ சிரித்துவிட்டு மறுபடியும் திறப்பாள்.

அவளுக்கு ஒரே அண்ணன், கெல்லேர்ட். பதினான்கு வயது மூத்தவர். டிஸா ஆற்றங்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரர். கெண்டையும் கெளுத்தியும் கொப்பரையில் கொதிக்க, சிவப்பு மிளகாய்த் தூளைக் கைப்பிடியாக அள்ளிப் போட்டு அவர் வைக்கிற சூப்புக்காகவே புடபெஸ்டிலிருந்து ஆள் வரும். முப்பது வருடம் ஒரு கையில் கரண்டி, மறு கையில் சிகரெட். கடை மூடியதும் ஒரு கிண்ணம் பிளம் சாராயம். போன குளிர்காலத்தில் நாக்கின் இடது ஓரத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. மிளகாய் சுட்டுவிட்டது என்று நான்கு மாதம் சாதித்தார். ஏப்ரல் கடைசியில் நாக்கில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள்.

வெட்டிய ஓரத்திலும் நோய் இருந்தது. அதனால் ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரத்துக்கு ஒரு நாள் சிஸ்பிளாட்டின் என்கிற மருந்து ஏற்றுவது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். வாய் ஆறின பிறகு, ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் மருந்து.

இதற்கு நடுவே எனிக்கோ ஒரு காரியம் செய்திருந்தாள். அறுவை முடிந்ததும் டாக்டரிடம் கேட்டு, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, வெட்டிய கட்டியில் ஒரு கடுகளவு துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். கையெழுத்துப் போடும்போது கெல்லேர்ட் பேச முடியாமல் தாளில் எழுதிக் காட்டினார்: "பட்டினி போட்டுடாதே. நம்ம குடும்பத்து ஆளுங்க." வாய்க் கட்டியை இப்படித் தட்டில் எடுத்து வளர்த்தால் பத்துக்கு எட்டு தடவை செத்துப்போகும். இது வளர்ந்தது. அண்ணனைப் போலவே பிடிவாதம் என்று எனிக்கோ ஆய்வகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வளர்ந்ததும் சும்மா இருக்க முடிந்ததா? அண்ணனுக்கு ஏற்றப்போகிற மருந்தைத் தட்டில் விட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு செல்கூடச் சுருங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணே, சாகலை."

"யாரு?" அறுவைக்குப் பிறகு கெல்லேர்ட்டின் பேச்சு வாயில் சுடுசோறு வைத்த மாதிரி குழறும்.

"உன் செல்லுங்கதான். சிஸ்பிளாட்டின் விட்டு ரெண்டு நாளாச்சு. ஒண்ணுமே ஆகலை. அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது."

அந்தப் பக்கம் கரண்டி கொப்பரையில் உரசுகிற சத்தம் நின்றது.

"வியாழக்கிழமை எனக்கு ஏத்தப்போறதும் அதேதானா?"

"அதேதான்."

"உன் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி, வை. மீன் கொதிக்குது."

வேறு மருந்து கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் அவள் கூப்பிட்டாள். அதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மருந்தும் வேண்டாம், கதிரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை எட்டு மணி வரைக்கும் படுக்கையை வைத்திருக்கிறோம், யோசியுங்கள் என்றார்களாம். யோசிக்க ஒன்றும் இல்லை, என் தங்கை அந்தத் துறையில்தான் இருக்கிறாள் என்று பதில் சொன்னாராம். இதை எனிக்கோவிடம் போனில் சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். போர்பலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு தட்டு. ஒரே தடவை. பக்கத்துல ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வச்சியா?"

"இல்ல. செல்லு கொஞ்சம்தான் இருந்துச்சு. அவசரம்..."

"அவசரம்! அதைத் தூக்கிக்கிட்டு நோயாளிகிட்டயே போய் ஒப்பிச்சியா? தட்டுல சாகாதது உடம்புல சாகாதுன்னு உனக்கு யாரு சொன்னது? உன்னை டாக்டருக்குப் படிக்க வைக்காம விட்டாங்களே, இந்த ஊரு பண்ணின புண்ணியம்."

  எனிக்கோ தன் மேசைக்குப் போய், கையை வேலையில் வைத்துக்கொண்டால் மனசு அடங்கும் என்று மிளகாய் விதையிலிருந்து பிரித்த சரக்கு ஒன்றைக் கரைக்க உட்கார்ந்தாள். அந்த ஆய்வகத்தில் எல்லாமே செடிச் சரக்குதான்: மிளகாய் விதை, திராட்சைத் தோல். எதுவும் தண்ணீரில் கரையாது. ஆகவே எதுவாக இருந்தாலும் டி.எம்.எஸ்.ஓ. என்கிற எண்ணெய் மாதிரியான கரைப்பானில் கரைத்துக் குப்பியில் ஊற்றி உறைபெட்டியில் அடுக்குவது அங்கே பழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றுகிற மாதிரி. அன்று அவள் கவனம் அதில் இல்லை. பாட்டில் சரிந்து கரைப்பான் கையுறை மேல் வழிந்தது. துடைத்துப் போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பறந்தாள். நேரில் கெஞ்சினால் அண்ணன் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

ஆற்றின் மேல் லட்சக்கணக்கில் பூச்சி கிளம்பிப் பறந்து, ஆறே பூத்த மாதிரி இருக்கிற வாரம் அது. அதைப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் கடை வாசல் வரை நின்றது. கெல்லேர்ட் கொப்பரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உதவியாளர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது உப்பு தெரிவதில்லை. மூக்கை வைத்துத்தான் சூப்பை நடத்துகிறார்.

"கெஞ்ச வந்திருந்தா திரும்பிப் போ," என்றார் அவளைப் பார்த்ததும். "ஆறு வாரம் வாந்தி எடுத்து, முடி கொட்டி, காது செவிடாகி, கடைசியில அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்னா எதுக்கு? இந்தக் கோடையை இங்கேயே இருந்து பார்த்துட்டுப் போறேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம் கேளு..."

அவர் மூக்கைச் சுளித்தார்.

"தள்ளி நில்லு. என்னடி தின்னே? பூண்டா?"

"பூண்டா? காலையிலேருந்து காபி மட்டும்தான்."

"என்கிட்டயே பொய்யா? நாக்குதான் போச்சு, மூக்கு போகலை. மீன் சூப்புல பூண்டு போடுற பாவி எவன்? எவன் கடையில தின்னுட்டு வந்தே?"

"சத்தியமா ஒண்ணும் திங்கலை, அண்ணே!"

கோபத்தோடு உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள். பூண்டுதான். நாக்கின் அடியில்கூடப் பூண்டு ருசி. திங்காத பூண்டு எப்படி வரும்? அப்போதுதான் கையுறை ஞாபகம் வந்தது. மெல்லிய கையுறைக்குள்ளேயும், தோலுக்குள்ளேயும் அந்தக் கரைப்பான் சுலபமாக நுழைந்துவிடும். நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சில் பூண்டு வீசும். அதில் கந்தகம் இருக்கிறது, அதனால்தான்.

கந்தகம்.

எனிக்கோ அப்படியே நின்றுவிட்டாள். சிஸ்பிளாட்டினின் நடுவில் இருப்பது பிளாட்டினம். பிளாட்டினம் கந்தகத்தைக் கண்டால் விடாது. தன்மேல் ஒட்டியிருந்ததைத் தள்ளிவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது செல்லைக் கொல்லுகிற மருந்து இல்லை, வெறும் அழுக்கு. கல்லூரி இரண்டாம் வருடத்தில் படித்த சங்கதி. மூன்று வாரத்துக்கு முன் சிஸ்பிளாட்டின் தூளை எடுத்தவள், ஆய்வகத்துப் பழக்கப்படி அதையும் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து, குப்பியில் ஊற்றி, பெயர் எழுதி, உறைபெட்டியில் அடுக்கினாள். உப்புத் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஒரே மருந்தை!

"அண்ணே," என்றாள்.  "உன் செல்லு மேல தப்பு இல்ல. மருந்தைத்தான் நான் முன்னாடியே கொன்னுட்டேன்."

"என்னடி உளர்றே?"

"ஆஸ்பத்திரியில அதை உப்புத் தண்ணியில கரைப்பாங்க. நான் வேற ஒண்ணுல கரைச்சுட்டேன். அதுல போட்டா மருந்து செத்துப்போயிடும். செத்த மருந்தைத்தான் உன் செல்லுக்கு ஊத்தியிருக்கேன். அது எப்படிச் சாகும்?"

"படிச்ச பொண்ணுக்கு இது தெரியாதா?"

"தெரியும். யோசிக்கலை."

கெல்லேர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் அடுப்படியில எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே துரத்தியிருப்பேன்."

"துரத்து. வியாழக்கிழமை வந்துட்டு அப்புறம் துரத்து."

"அன்னிக்குக் கண்ணால பார்த்தேன், சாகலைன்னே. இன்னிக்குப் பார்க்காமலே சாகும்ங்கறே. நாளைக்கு என்ன சொல்வே?"



"மருந்தைச் சரியாக் கரைச்சு மறுபடி விட்டுப் பார்க்கறேன். புதன்கிழமை நாலு மணிக்கு நீயே வா. உன் கண்ணால பாரு," என்றாள்.

"அன்னிக்கும் சாகலைன்னா?"

கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. எனிக்கோ சைக்கிளைத் திருப்பினாள். கெல்லேர்ட் கரண்டியை எடுத்துக்கொண்டு கொப்பரைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பேராசிரியரிடம் மறுபடியும் போய் நின்றாள். இந்தத் தடவை கேட்டுவிட்டு போர்பலா திட்டவில்லை.  எதையும் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்கிற பழக்கத்தை அங்கே ஏற்படுத்தியதே அவர்தான்.

"கூப்பிட்டு வந்து காட்டப்போறியா? அவரோட செல்லு நிஜமாவே மருந்துக்கு அசையலைன்னா என்ன பண்ணுவே? சில பேருக்கு அசையாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் யாரு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரு."

"இப்பவும் வரமாட்டேன்னுதான் சொல்றாரு."

போர்பலா எழுந்து தானே தராசுக்குப் போய்ச் சிஸ்பிளாட்டின் தூளை நிறுத்தார். உப்புத் தண்ணீரை எனிக்கோ அளந்தாள். ஒரு தட்டில் அண்ணனின் செல்கள், மருந்தோடு. இன்னொன்றில் அதே செல்கள், வெறும் உப்புத் தண்ணீரோடு. மூன்றாவதில் ஆய்வகத்தில் வருடக்கணக்காக வளர்கிற, மருந்து பட்டால் செத்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரிந்த நாக்குப் புற்றுச் செல்கள், அதே மருந்தோடு. மூன்றையும் மூன்று மணிக்குப் பெட்டிக்குள் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை எனிக்கோ வந்தபோது பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எனிக்கோ தொடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. நான்கு தடவை மாடிப்படி ஏறி இறங்கினாள். கழுவின குடுவையையே திரும்பக் கழுவினாள். அந்தக் கதவுக்குள் நடப்பது நடந்துகொண்டிருக்கும், இல்லை நடக்காமல் இருக்கும். தான் எட்டிப் பார்த்து ஒன்றையும் மாற்ற முடியாது. பதினோரு வருடமாகத் தெரிந்த விஷயம் அன்றுதான் அவள் மேல் வந்து உட்கார்ந்தது. இரவு தூக்கத்தில்கூடக் கால் ஆடியது என்று மறுநாள் புருஷன் குறைப்பட்டுக்கொண்டான்.

புதன்கிழமை மூன்று மணிக்குத் தட்டுகளை எடுத்துச் சாயம் விட்டாள். செல் சாகத் தொடங்கினால் தன் தோலின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதில் மட்டும் ஒட்டிக்கொள்கிற சாயம் அது. நுண்ணோக்கியின் நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக எரியும். நான்கு மணி ஆயிற்று. கெல்லேர்ட்டைக் காணோம். நாலே கால். அவள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள்.  நாலரைக்கு மீன் வாசனையோடு அண்ணன் வந்து நின்றார். தலைக்குட்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"கூட்டம். சீக்கிரம் காட்டு, போகணும்."

"நான் இன்னும் பார்க்கலை, அண்ணே."

"பார்க்கலையா? நீயா?"

"நீதான் முதல்ல பார்க்கணும்னு வச்சிருக்கேன்."

திரை போட்ட சின்ன அறை. விளக்கை அணைத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். மருந்து விடாத தட்டு முதலில்.

"இருட்டு. அங்க இங்க ஒரு பச்சைப் புள்ளி," என்றார் கெல்லேர்ட்.

"அது உன்னுது. மருந்து விடாதது." அடுத்த தட்டை வைத்தாள். "இது ஆய்வகத்துல பழசு."

"அடேயப்பா. எல்லாமே பச்சை."

 அப்படியானால் மருந்து உயிரோடுதான் இருக்கிறது. எனிக்கோ கடைசித் தட்டை வைத்தாள். "இது உன்னுது. மருந்தோட."

கெல்லேர்ட் குனிந்தார்.  அறையில் இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடியது.

"சொல்லுண்ணே!"

"பச்சையா இருக்கு. நிறைய. சிலது உருண்டு சுருங்கி, சுத்தி மொட்டு மொட்டா விட்டிருக்கு." தலையை எடுக்காமல் கேட்டார்: "ஆனா நடுவுல இருட்டாவும் நிறைய இருக்கே. அது என்ன?"

அவரை நகர்த்திவிட்டு அவள் குனிந்தாள். நூற்றுக்கு ஐம்பது, அறுபது பச்சை. மற்றவை பேசாமல் இருட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. நாளைக்குச் செத்துப்போகும் என்று சொல்லலாம். ஆறு வாரத்தில் எல்லாம் போய்விடும் என்று சொல்லலாம். சொன்னால் வருவார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அது இன்னும் சாகலை, அண்ணே," என்றாள். "சாகுமா, சாகாதான்னு எனக்குத் தெரியலை. அதுக்குத்தான் கதிரு, அதுக்குத்தான் ஆறு வாரம். இருந்தாலும் தெரியலை. தட்டுல நடக்கிறது உன் உடம்புல அப்படியே நடக்கும்னும் சொல்ல முடியாது. அன்னிக்கும் அதைத்தான் சொல்லியிருக்கணும். நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு, அண்ணே."

அழுதுவிட்டாள். கெல்லேர்ட் தலைக்குட்டையை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா உனக்குச் சோறு போடுறேன். உன் வாயிலேருந்து தெரியலைன்னு ஒரு வார்த்தை வந்து கேட்டதில்ல," என்றார். "மூக்கைத் துடை. மீன் நாத்தம் அடிக்கும், பொறுத்துக்கோ."

வியாழக்கிழமை வருவதாக அவர் அப்போதும் சொல்லவில்லை. காலை ஏழே முக்காலுக்கு எனிக்கோ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நடை போட ஆரம்பித்தாள். எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அண்ணன் துணிப் பையோடு டிராமிலிருந்து இறங்கினார்.

நர்ஸ் வந்து ஊசி குத்தி, பையைக் கம்பியில் மாட்டினாள். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"இதை எதுல கரைச்சிருக்கீங்க, அம்மா?" என்று கேட்டார் கெல்லேர்ட்.

"உப்புத் தண்ணியிலதான். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. இவளை அடுப்படிப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனும் தங்கையும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் கெல்லேர்ட் குழாயில் விழுகிற சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனிக்கோவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உள்ள போய் என்ன பண்ணும், சொல்லு," என்றார். "ஓடாம, மெதுவாச் சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தன் கையை அவள் மடியில் போட்டுக்கொண்டார்.

"செல்லுக்கு நடுவுல ஒரு நூல் இருக்கும், அண்ணே. என்ன செய்யணும், எப்படி ரெண்டாகணும்னு எல்லாம் அதுலதான் இருக்கு. இது போய் அந்த நூலைப் பிடிச்சு வளைச்சுக் கட்டிப்போட்டுடும்."

"ம்."

"அதைச் சரி பண்ண உள்ளயே ஆளுங்க இருக்காங்க. வந்து பார்ப்பாங்க, அவிழ்ப்பாங்க, முடியாது. நிறைய இடத்துல கட்டு விழுந்திருக்கும். அப்போ செல்லே முடிவு பண்ணும், இனிமே ஆகாதுன்னு."

"அதுவா பண்ணுமா?"

"அதுவாத்தான். யாரும் குத்திக் கொல்றதில்ல. உள்ள சின்னச் சின்ன அடுப்பு மாதிரி இருக்கும், அதுலதான் செல்லுக்குச் சக்தி வரும். அதோட சுவரு கசிய ஆரம்பிக்கும். கசிஞ்சதும் வெட்டுறதுக்குன்னே இருக்கிற ஆளுங்க முழிச்சுக்குவாங்க. எல்லாத்தையும் துண்டு துண்டா நறுக்கிப் பொட்டலம் கட்டுவாங்க. ஒண்ணும் வெளியே சிந்தாது. பக்கத்துச் செல்லுங்க வந்து பொட்டலத்தை எடுத்துச் சாப்பிட்டுட்டுப் போயிடும்."

"அடுப்பை அணைச்சு, மேடையைக் கழுவிட்டுப் போற சமையல்காரன்," என்றார் கெல்லேர்ட், கண்ணை மூடிக்கொண்டு. "நம்ம குடும்பத்து ஆளுங்கதான். சொல்லு, நிறுத்தாதே."

அவள் சொன்னாள். ஒரு தடவை சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது பை மாட்டும்போது அவர் தூங்கிவிட்டார். மடியில் கிடந்த கை கனத்தது. ஒரு மணி நேரத்தில் எனிக்கோவின் இடது கால் மரத்துப்போயிற்று, அப்புறம் வலது கால். நர்ஸ் வந்து, எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாங்களேன் என்றாள். எனிக்கோ வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.